பட்டியலில் குடம் இல்லை

கார், நாய், குடை, நாற்காலி,
பூச்சாடி, பை, மற்றவை.
'மற்றவை'யை அதிகம் அழுத்தினால்
காசு பிடிப்பார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது.
கொருக்குப்பேட்டை கேட்டுக்கு இந்தப் பக்கம்
பிரவுசிங் சென்டர் மாடியில்
பன்னிரண்டு பேர் உட்கார்ந்து
உலகத்துக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தோம்.
படத்தில் தெரிவதைச் சுற்றிக் கட்டம் போட வேண்டும்,
பெயரைத் தொட வேண்டும்,
அடுத்தது.
கட்டம் ஒன்றுக்கு முப்பது பைசா.

ஒருநாள் எங்கள் தெருவே வந்தது.
எங்கள் தெரு இல்லைதான், அதே மாதிரி ஒன்று.
தண்ணி லாரி, அதன் பின்னால் நெளியும் டியூப்,
நீலமும் பச்சையும் ஆரஞ்சுமாக பிளாஸ்டிக் குடங்கள்,
நடுவில், வராத யாருக்கோ
இடம் பிடித்து உட்கார்ந்திருக்கும் அரைச் செங்கல்.
ஒவ்வொரு குடத்தையும் கட்டம் கட்டினேன்.
ஒவ்வொன்றுக்கும் பூச்சாடி என்று அழுத்தினேன்.
செங்கல்லை விட்டுவிட்டேன்.
நாற்பத்தொரு பூச்சாடி.
பன்னிரண்டு ரூபாய் முப்பது பைசா.
டீக்கும் பஜ்ஜிக்கும் சரியாகப் போயிற்று.

ஒன்பது வருடம் கழித்து
இணையத்தில் ஒரு கண்காட்சி. சுவர் கிடையாது, ஆணி கிடையாது.
இயந்திரத்தோடு சேர்ந்து கற்பனை செய்ய வேண்டுமாம்.
ஹெப்சிபா, அஸ்கர், நான்.

ஹெப்சிபா எண்ணூர்ச் சாம்பலைக் கேட்டாள்;
அது பனி பெய்து கொடுத்தது.
கழி ஓரமெல்லாம் வெள்ளை வெள்ளையாக,
நண்டு பிடிக்கிறவர் தோளில் கம்பளி.
அவள் திருத்தவில்லை.
'எண்ணூரில் குளிர்காலம்' என்று பெயர் போட்டு மாட்டிவிட்டாள்.
அஸ்கர் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்,
புளியந்தோப்பு மழையில்
முழங்கால் தண்ணீரில் நின்று கேரம் ஆடும் நால்வரை.
ஒவ்வொரு முறையும் அது தண்ணீரை வடித்துவிடுகிறது.
"கார்ப்பரேஷனுக்குப் பரவால்ல" என்கிறான்.

நான் தெருவைக் கேட்டேன்.
விடிகாலை மூன்று மணி,
லாரிக்குக் காத்திருக்கும் பெண்கள்.
சுழன்றது. ஏதோ ஞாபகம் வந்தது போல் நின்றது.
வந்தார்கள்.
நைட்டி மேல் துண்டு, கலைந்த கொண்டை,
தெருவிளக்கு, கூட்ஸ் வண்டியின் கடைசிப் பெட்டி,
எல்லாம் சரி.
இடுப்பில் மட்டும்
ஒவ்வொருத்திக்கும் ஒரு பூச்சாடி.
சம்பங்கி. சாமந்தி. பெயர் தெரியாத ஏதோ ஊதாப் பூ.

விரல் திரையிலேயே நின்றுவிட்டது.
எத்தனை லட்சம் பேர் அழுத்தியிருப்பார்கள்,
என் நாற்பத்தொன்று எதில் கரைந்ததோ.
உப்பளத்தில் விழுந்த கண்ணீர் என்று எழுதலாம்,
பொய்.
அன்று நான் அழவில்லை, பஜ்ஜி தின்றேன்.
ஆனாலும்
தன் கையெழுத்து
தனக்குத் தெரியாதா?

திறப்பு விழா, நம் நேரத்துக்கு நள்ளிரவு ஒன்றரை.
திரையோரம் பச்சைப் புள்ளிகளாக
அறுபத்தேழு பேர் நடமாடினார்கள்.
லிஸ்பனிலிருந்து ஒரு புள்ளி கேட்டது:
பூக்கள் எதன் குறியீடு?
பட்டியலில் குடம் இல்லை என்றேன்.
மொழிபெயர்ப்பு என்ன செய்ததோ,
ஆழமான வரி என்று கை தட்டினார்கள்.

மூன்று மணிக்கு ஹாரன்.
போனை அணைக்காமலே குடத்தோடு இறங்கினேன்.
எனக்கு முன்னால் மல்லேஸ்வரி.
"இன்னா அது வெளிச்சம், குடு" என்று வாங்கினாள்.
பெரிதாக்கினாள். முகம் முகமாகத் தேடினாள்.
"நம்ம லைனுதான். நான் எங்கடி?"
பிறகு பூக்களைப் பார்த்தாள்.
"குடிக்கவே காணோம்,
இதுங்களுக்கு யாரு ஊத்துறது?"
சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
வரிசையின் நடுவில்
நான் இதுவரை பார்க்காத ஒரு இடைவெளியில்
ஈரவிரலை வைத்தாள்.
"இங்க ஒரு எடம் காலியா கீதே,
செங்கல்லு கூட வெக்கல. யாருது?"

சொல்ல வாயெடுப்பதற்குள்
டியூப் என் குடத்துக்கு வந்துவிட்டது.